பழைய லோடு வண்டியில் முன் பிரேக் பிடித்துக்கொண்டால்: காரணத்தைப் பிடித்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

"முன் வீல் ஜாம்" என்று வண்டியை ஷெட்டில் விட்டால் பெரும்பாலும் காலிப்பரை (டிஸ்க்கை இரு பக்கமும் பேட்களால் கவ்விப் பிடிக்கும் பாகம்) கழற்றிப் புதுசு போடுவார்கள், ஏர் எடுப்பார்கள் (பிரேக் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுவது), சாவியைக் கொடுத்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் அதே சக்கரம் மறுபடி கொதிக்கும். பிரேக் பிடித்துக்கொள்ளும் இடம் சக்கரத்தில் இருந்தாலும், அதைப் பிடிக்க வைக்கிற கோளாறு வேறு எங்காவது இருக்கலாம். காலிப்பர் நன்றாகவே இருக்க, அதற்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் அடைத்திருக்கும். பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் அழுத்தத்தை விடாமல் வைத்திருக்கும். சில நேரம் பெடலுக்கு அடியில் சுருண்டு கிடக்கும் மேட்டே காரணமாக இருக்கும். அதனால் சாமான் கடைக்குப் போகும் முன் சோதனை. அதற்குத் தேவை ஒரு சின்ன ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும்தான்.

இங்கே சொல்வது முன்னால் டிஸ்க், பின்னால் ட்ரம், ஹைட்ராலிக் ஆயில் பிரேக் உள்ள பழைய வண்டிகளுக்கு. பொலீரோ பிக்கப், குட்டி யானை (டாடா ஏஸ்) மாதிரியான வண்டிகள் இந்த வகை. முன்னாலும் ட்ரம் உள்ள பழைய டாடா 407 பற்றியும், ஏர் பிரேக் லாரி பற்றியும் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

சென்னை வண்டிக்கு இது ஏன் அடிக்கடி வருகிறது

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 (டாட் என்பது பிரேக் ஆயிலின் வகை எண்) ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. கொதிநிலை குறைவது ஒரு பக்கம், அந்த ஈரம் காலிப்பர் உள்ளேயும் பிஸ்டன் மேலேயும் துருவை வளர்ப்பது இன்னொரு பக்கம். கடற்காற்றில் வருஷம் பூரா நிற்கும் வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றச் சொல்வது சும்மா இல்லை.

காசிமேட்டில் மீன் ஏற்றும் வண்டிகளில் இது இன்னும் மோசம். ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் பாடியிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். காலிப்பர் நகர்வதற்கான பின்கள் (வழுக்கும் கம்பிகள்), பைப் நட்டுகள் எல்லாம் சீக்கிரமே துருப்பிடித்து இறுகிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் வியாசர்பாடி சப்வே மாதிரி இடத்தில் இறங்கி ஏறிய வண்டியில், கிழிந்த பூட் (பிஸ்டனையும் பின்னையும் மூடும் ரப்பர் உறை) வழியாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போனால் கேட்கவே வேண்டாம். மழைக்கு நாலு நாள் ஓரமாக நிறுத்திவிட்டு எடுக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வந்து சக்கரம் விடுபட்டால், அது டிஸ்க்கில் படிந்த மேல் துரு. பயப்பட வேண்டாம், அதுவாகப் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும்போது பிடிப்பதுதான் பிரச்சினை.

அடையாளங்கள்

டிரைவர் முதலில் சொல்வது "அண்ணே, வண்டி பிக்கப் எடுக்க மாட்டேங்குது" என்றுதான். டீசல் கூடும். கியரை எடுத்துவிட்டு உருளவிட்டால் வண்டி சீக்கிரம் நின்றுவிடும். ஒரு முன் சக்கரத்தில் கருகல் நாற்றம், ரிம்மில் கன்னங்கரேல் என்று பேட் தூள்.

வண்டி ஒரு பக்கம் இழுப்பதை மட்டும் நிதானமாகக் கவனியுங்கள், இங்கேதான் பலர் தவறான சக்கரத்தைப் பிரிக்கிறார்கள். பிரேக்கில் கால் வைக்காமலே இடது பக்கம் இழுத்தால், இடது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரேக் போடும்போது மட்டும் இடது பக்கம் இழுத்தால் கதை வேறு: இடது பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிறது, வலது காலிப்பர் இறுகிப்போய் வேலை செய்யாமல் இருக்கலாம். டயர் காற்றையும் முதலில் பார்த்துவிடுங்கள். ஒரு டயரில் காற்று குறைந்தாலும் இழுக்கும்.

நாலைந்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, ஓரமாக நிறுத்தி, இரண்டு முன் சக்கரங்களின் சூட்டையும் ஒப்பிடுங்கள். டிஸ்க்கில் கை வைக்காதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும். ரிம்முக்கு அருகில் புறங்கையைக் கொண்டுபோனாலே வித்தியாசம் தெரியும். தூரத்திலிருந்து சூடு அளக்கும் கருவி இருந்தால் வசதி. கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டியது இதற்கு ஆகாது, அது உடம்புச் சூட்டுக்கு மட்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றுவது கூடவே கூடாது, டிஸ்க் கோணிக்கொள்ளும். சூடு டிஸ்க்கை விட ஹப்பின் நடுவில் அதிகமாக இருந்து, சுற்றும்போது கரகரவென்று சத்தமும் வந்தால் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

ஒரு சக்கரம் மட்டும் சூடு என்றால் ஹோஸ் அல்லது காலிப்பர். இரண்டு முன் சக்கரங்களும் ஒரே அளவு சூடு என்றால் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போங்கள். நாலும் சூடு என்றால் பெடல், பூஸ்டர் (எஞ்சின் வேக்யூமால் கால் பலத்தைக் கூட்டும் பாகம்).

வண்டியைத் தூக்கும் முன்

சரக்கை இறக்கிவிடுங்கள். சமதளத்தில், கெட்டியான தரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை விடக் கூடாது. சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் சட்டென்று நொறுங்கும். பேட் தூளை கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள், பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. ஈரத்துணியால் துடையுங்கள், அல்லது பிரேக் கிளீனர் அடித்துக் கழுவுங்கள்.

பைப் நட்டுகளுக்கும் பிளீடர் நிப்பிளுக்கும் (காலிப்பரிலிருந்து ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சின்னத் திருகு) முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் ஆயில் அடித்து வையுங்கள். சாதாரண ஓபன் ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை உருண்டுவிடும். பைப் நுழைவதற்கு வாயில் வெட்டு விட்ட ரிங் ஸ்பேனர் கடையில் கிடைக்கும், அதை வாங்கிவிடுங்கள். நிப்பிள் முறிந்தால் கால் மணி நேர வேலை லேத் வரை போய் ஒரு நாளைத் தின்றுவிடும்.

பிளீடர் சோதனை

இந்த வேலையிலேயே முக்கியமானது இதுதான். சக்கரம் பிடித்துக்கொண்டிருக்கும் நிலையிலேயே செய்ய வேண்டும். ஆறிய பிறகு தானாக விட்டுவிட்டால், சக்கரம் தூக்கிய நிலையில் எஞ்சினை ஓடவிட்டுப் பெடலைப் பலமுறை பலமாக மிதித்து மறுபடி பிடிக்க வையுங்கள். (நியூட்ரலில்தான், ஹேண்ட் பிரேக்கோடு.)

இப்போது அந்தச் சக்கரத்தின் பிளீடர் நிப்பிளில் டியூபை மாட்டி, பாட்டிலில் விட்டு, நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். ஆயில் சுர்ரென்று பீய்ச்சி, சக்கரம் கையால் சுற்றும் அளவுக்கு விட்டுவிட்டால், உள்ளே அழுத்தம் மாட்டியிருக்கிறது. காலிப்பர் குற்றவாளி இல்லை. திறந்த பிறகும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால், அழுத்தம் இல்லாமலேயே பிடித்திருக்கிறது என்று பொருள். பிஸ்டன், பின், பேட் இவற்றில் ஏதோ ஒன்று இறுகியிருக்கிறது.

அழுத்தம் மாட்டியிருந்தால் அடுத்து மேலே ஏறுங்கள். நிப்பிளை மூடி, மறுபடி பிடிக்க வைத்து, ரப்பர் ஹோஸின் மேல் முனையில், அதாவது சேஸிஸில் இரும்புப் பைப்பும் ஹோஸும் சேரும் இடத்தில், நட்டைத் தளர்த்துங்கள். சக்கரம் விடவில்லை என்றால் ஹோஸ்தான். விட்டுவிட்டால் ஹோஸ் நல்லது, அடைப்பு இன்னும் மேலே. திரும்ப இறுக்கி, பிடிக்க வைத்து, மாஸ்டர் சிலிண்டரில் முன் சக்கரங்களுக்குப் போகும் பைப் நட்டைத் தளர்த்திப் பாருங்கள். அங்கே திறந்து சக்கரம் விட்டால், மாஸ்டர் சிலிண்டரோ அதை அழுத்துகிற ஏதோ ஒன்றோ. அங்கேயும் விடவில்லை என்றால் நடுவில் இரும்புப் பைப் எங்காவது நசுங்கியிருக்கும்.

கடைசிப் படி: மாஸ்டர் சிலிண்டரை பூஸ்டரோடு பிடிக்கும் இரண்டு நட்டுகளைத் தளர்த்தி, சிலிண்டரை இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னால் இழுங்கள். அதனால் சக்கரம் விட்டால் மாஸ்டர் சிலிண்டர் பிழைத்தது. புஷ் ராடு (மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பி), பூஸ்டர், பெடல் ஆகியவற்றில் ஒன்று அதை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டிருக்கிறது. அப்படியும் விடவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளேதான் கோளாறு.

ஒவ்வொரு முறை நட்டைத் திறக்கும்போதும் ஆயில் சிந்தும், பெயிண்டை அரித்துவிடும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கடைசியில் ஏர் எடுத்தே ஆக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஹோஸ் என்றால்

வெளியே பார்த்தால் ஹோஸ் புதுசு மாதிரியே இருக்கும். உள்சுவர் ஊதியோ உரிந்தோ இருக்கும். பெடலை மிதிக்கும் பலத்தில் ஆயில் உள்ளே போய்விடும். திரும்பி வருவதற்கு அந்த பலம் இல்லாததால் அங்கேயே தங்கிவிடும். ஹோஸைச் சுற்றியுள்ள இரும்பு கிளாம்ப் துருப்பிடித்து உப்பி, ரப்பரை நெரிப்பதும் உண்டு. கிளாம்பைக் கழற்றினாலே சரியாகிவிடும் வண்டிகளும் இருக்கின்றன, ஆனால் அந்த ஹோஸை நம்பி ஓட்டாதீர்கள்.

இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரே வயசு ஹோஸ்; ஒன்று போனால் மற்றது வரிசையில் நிற்கிறது. காலிப்பர் பக்கம் ஓட்டை போல்ட் உள்ள வகையில் இரண்டு செப்பு வாஷர்களும் புதிதாக வேண்டும். மாட்டிய பிறகு ஹோஸ் முறுக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்பி, டயரிலோ சேஸிஸிலோ உரசுகிறதா என்று பாருங்கள்.

காலிப்பர் என்றால்

காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. முதலில் பேட்களைப் படியுங்கள். வெளிப் பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் காலிப்பர் பின்னுக்கு நகரவில்லை, பின்கள் இறுகியிருக்கின்றன. உள் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் பிஸ்டன் திரும்பவில்லை, அல்லது பின்கள் நகராமல் உள் பேட்டே எல்லா வேலையையும் செய்திருக்கிறது. ஒரே பேட் ஒரு முனையில் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தால் இரண்டு பின்களில் ஒன்று மட்டும் இறுகியிருக்கும்.

பின்கள் விரலால் தள்ளினால் வழுக்கிப் போய் வர வேண்டும். வராவிட்டால் வெளியே எடுத்து, நைஸ் எமரி பேப்பரால் துருவை எடுத்து, பின் போகும் துளையையும் சுத்தம் செய்யுங்கள். பள்ளம் விழுந்த பின்னைத் தேய்த்துப் பிரயோஜனமில்லை, மாற்றுங்கள். போடும்போது சிலிக்கோன் பிரேக் கிரீஸ் மட்டும். ஷெட்டில் எல்லாவற்றுக்கும் பூசுகிற சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும். இன்றைக்கு வழுக்கும், ஆறு மாதத்தில் முன்னைவிட மோசமாக இறுகும். பேட்டின் காது உட்காரும் இடத்தில் துரு தடித்திருந்தால் அரம் போட்டு எடுங்கள். பேட் கையால் தள்ளி உட்கார வேண்டும், சுத்தியலால் அடித்து இல்லை.

பிஸ்டனைத் திருப்பித் தள்ளும் முன் நிப்பிளைத் திறங்கள். பழைய அழுக்கு ஆயில் மேலே மாஸ்டர் சிலிண்டருக்குப் போகாமல் வெளியே வந்துவிடும். சி-கிளாம்ப் போட்டு மெதுவாக இறுக்கும்போது நிதானமாக உள்ளே போனால் பிஸ்டன் நல்லது. பலம் கொடுத்தும் நகராவிட்டால், அல்லது விட்டுவிட்டு நகர்ந்தால், பிரிக்க வேண்டியதுதான்.

பிஸ்டனை வெளியே எடுக்கக் காற்று அடிப்பது ஷெட் வழக்கம். குண்டு மாதிரி வந்து விரலை நசுக்கும். ஹோஸ் மாட்டியிருக்கும்போதே, காலிப்பர் வாயில் ஒரு மரத்துண்டை வைத்து, பெடலை மெதுவாக மிதித்து வெளியே கொண்டுவருவது பாதுகாப்பு. வந்த பிஸ்டனின் பக்கவாட்டில் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டினால் அந்தப் பிஸ்டன் முடிந்தது. சீல் உட்காரும் பள்ளத்தைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். பிரேக் விடும்போது பிஸ்டனைக் கொஞ்சம் பின்னுக்கு இழுப்பது தனி ஸ்பிரிங் இல்லை, அந்தச் சதுர சீல் முறுக்கிக்கொண்டு திரும்புவதுதான். பள்ளத்தில் துரு ஏறினால் சீலைப் பிஸ்டன் மேல் நெரிக்கும். சீல் புதுசாக இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். பித்தளைக் கம்பியாலோ கூரான மரக்குச்சியாலோ சுரண்டி, பிரேக் கிளீனர் அடித்து, வெறும் உலோகம் தெரியும் வரை சுத்தம் செய்யுங்கள்.

புது சீலும் பூட்டும் புது பிரேக் ஆயிலில் நனைத்துப் போடுங்கள். டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் ரப்பர் பக்கம் வரக் கூடாது. எஞ்சின் பாகம் கழுவுகிற அதே டீசல் தட்டில் பிரேக் பாகத்தையும் கழுவினால் சீல் ஊதி, வேலை முதலிலிருந்து தொடங்கும்.

டிஸ்க் நீலம் பாரித்தோ வெடிப்பு விட்டோ இருந்தால் மாற்றுங்கள். லேத்தில் தேய்க்கலாம், ஆனால் டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகக் கூடாது. வெந்துபோன பேட்டை எமரி போட்டுத் திருப்பிப் போடுவது வீண். பேட் இரண்டு பக்கமும் ஒன்றாக மாற வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், பெடல்

மாஸ்டர் சிலிண்டரில் சின்னத் துளை ஒன்று உண்டு. கால் எடுத்ததும் ஆயில் அதன் வழியாகத் தொட்டிக்குத் திரும்ப வேண்டும். பிஸ்டன் முழுசாகப் பின்னுக்கு வராவிட்டால் அந்தத் துளை மூடியே இருக்கும். அப்புறம் ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், போக வழியில்லாமல் பிரேக்கைத் தானே அழுத்தும், இன்னும் சூடாகும். காலையில் எடுக்கும்போது நன்றாக இருந்து, கோயம்பேட்டிலிருந்து பூந்தமல்லி போவதற்குள் இறுகிவிடுகிற வண்டிகளில் பெரும்பாலும் இதுதான்.

முதலில் செலவில்லாததைப் பாருங்கள். பெடலைக் கையால் அழுத்தினால் முதல் சில மில்லிமீட்டர் பலமில்லாமல் ஆட வேண்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். ஆட்டமே இல்லை என்றால் புஷ் ராடு நீளமாக இருக்கிறது, அல்லது பிரேக் லைட் சுவிட்ச் பெடலை முழுசாகத் திரும்பவிடவில்லை. பெடல் புஷ் துருப்பிடித்திருக்கலாம், ரிட்டர்ன் ஸ்பிரிங் போயிருக்கலாம், தரை மேட் மாட்டியிருக்கலாம்.

பூஸ்டருக்கு: எஞ்சினை நிறுத்தி, பெடலை ஐந்தாறு முறை மிதித்து வேக்யூமைக் காலி செய்யுங்கள். அப்போது சக்கரம் விட்டு, எஞ்சின் ஓடினால் மட்டும் காலே வைக்காமல் பிடித்தால் பூஸ்டர் உள்ளே வால்வு போய்விட்டது. ரிப்பேர் பார்க்காமல் மாற்றுவது நல்லது.

தொட்டி மூடியைத் திறந்து அதன் ரப்பரைப் பாருங்கள். ஊதி, தொளதொளவென்று இருந்தால் யாரோ எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ பிரேக் தொட்டியில் ஊற்றியிருக்கிறார்கள். அப்படியானால் ஒரு பாகத்தை மாற்றித் தப்பிக்க முடியாது. மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர், பின் வீல் சிலிண்டர் என்று ரப்பர் உள்ள அத்தனையும், ஹோஸ் உட்பட, மாற வேண்டும். இரும்புப் பைப்புகளைக் கழுவ வேண்டும். செலவு வலிக்கும், வேறு வழியில்லை.

சாமான் வாங்குவது

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பழைய மாடலுக்கும் கிடைக்கும். பழைய ஹோஸையும் பேட்டையும் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள், ஒரே வண்டியில் வருஷத்துக்கு வருஷம் காலிப்பர் மாறியிருக்கும். 1962 முதல் பிரேக் பாகங்கள் செய்கிற பிரேக்ஸ் இந்தியா பாடியில்தான் இருக்கிறது, ரானேயின் பிரேக் லைனிங் தொழிற்சாலை அம்பத்தூரில். ஊருக்குள்ளேயே இவ்வளவு இருக்க, பெயரில்லாத டப்பாவில் வரும் சீல் கிட் எதற்கு? புதுப்பேட்டையில் காலிப்பர் பிராக்கெட், பெடல் மாதிரியான வெறும் இரும்புச் சாமான் வாங்கலாம். ரப்பர் உள்ள எதையும் அங்கே வாங்காதீர்கள்.

ஏர் எடுப்பது

மூடியில் எந்த டாட் எண் போட்டிருக்கிறதோ அதே ஆயில், சீல் உடைக்காத புது டப்பா. டாட் 5 சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு சேராது. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். நம் வண்டிகளில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, மூடிய பிறகே கால் எடுக்க வேண்டும். டியூபில் குமிழி நின்று தெளிவான ஆயில் வரும் வரை தொடருங்கள், தொட்டி காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலைத் தரை வரை மிதிக்காதீர்கள். இத்தனை வருஷம் சீல் போகாத ஆழத்தில் துரு படிந்திருக்கும், அங்கே போனால் சீல் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும்.

ஓட்டிப் பார்ப்பது

வண்டி நகரும் முன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். பேட் டிஸ்க்கைத் தொட்டிருக்காது, முதல் மிதி வெறுமையாகப் போகும். பிறகு ஆளில்லாத சர்வீஸ் ரோட்டில், சரக்கில்லாமல், 40–50 கி.மீ. வேகத்திலிருந்து மிதமாக வேகத்தைக் குறைப்பதை எட்டுப் பத்து முறை செய்யுங்கள். முழுசாக நிறுத்த வேண்டாம், நடுவில் ஆற விடுங்கள். திரும்பி வந்து இரண்டு முன் சக்கரச் சூட்டையும் ஒப்பிட்டு, சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். பேட் லேசாக உரசும் சத்தம் இருக்கலாம், இறுக்கம் இருக்கக் கூடாது. வீல் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

முன்னாலும் ட்ரம் உள்ள 407 வகை

பிளீடர் சோதனை இதற்கும் அப்படியே பொருந்தும். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடாவிட்டால் அட்ஜஸ்டரை இரண்டு மூன்று பல் தளர்த்துங்கள். அதிலேயே விட்டால் யாரோ அளவுக்கு மேல் டைட் வைத்திருக்கிறார்கள். இல்லையென்றால் ட்ரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டர் பிஸ்டன்கள், ரிட்டர்ன் ஸ்பிரிங் இரண்டையும் பாருங்கள். சூட்டில் வெந்த ஸ்பிரிங் நிறம் மாறி, சுற்றுகளுக்கு நடுவில் இடைவெளி விட்டிருக்கும். ஷூ உரசி நகரும் பேக் பிளேட்டில் பள்ளம் விழுந்தாலும் ஷூ அதில் மாட்டிக்கொண்டு திரும்பாது. வெல்டு வைத்துத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும்.

ஏர் பிரேக் லாரி

இதில் ஆயில் இல்லை, சோதனை காதில்தான். பெடலை விட்டதும் புஸ்ஸென்று காற்று வெளியேற வேண்டும். இழுத்து மெதுவாக வெளியேறினாலோ சத்தமே இல்லாவிட்டாலோ பிரேக் வால்வு அல்லது குயிக் ரிலீஸ் வால்வு. காற்று போய்விட்டது, ஆனால் சேம்பர் ராடு (காற்றழுத்தத்தில் வெளியே வந்து பிரேக்கை இயக்கும் கம்பி) திரும்பவில்லை என்றால், கேம் ஷாஃப்ட் புஷ் கிரீஸ் இல்லாமல் இறுகியிருக்கிறது, அல்லது சேம்பர் உள் ஸ்பிரிங் போயிருக்கிறது. ராடு திரும்பியும் சக்கரம் இறுக்கம் என்றால் ராடையும் கேம் ஷாஃப்ட்டையும் இணைக்கும் ஸ்லாக் அட்ஜஸ்டரைப் பாருங்கள். பின் சக்கரத்தில் இருக்கும் ஸ்பிரிங் பிரேக் சேம்பரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் பிரிக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும்.

நடுவழியில் பிடித்துக்கொண்டால்

புகை வந்தால் உடனே ஓரம் கட்டுங்கள், டயர் தீப்பிடிக்கும். தீயணைப்பானைக் கையில் எடுத்துக்கொண்டு, அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். அப்புறம் நிப்பிளைக் கொஞ்சம் திறந்து அழுத்தத்தை விட்டு, மூடி, தொட்டியில் ஆயில் அளவும் பெடல் கெட்டியாக இருப்பதும் பார்த்துக்கொண்டு, சரக்கில்லாமல் மெதுவாகப் பக்கத்து ஷெட் வரை போகலாம். ஒரு சக்கரத்தின் ஹோஸை மடித்துக் கட்டிவிட்டு மூன்று சக்கர பிரேக்கில் ஓட்டுவது மட்டும் வேண்டாம். மழை ரோட்டில் பிரேக் போட்ட அடுத்த நொடி ஸ்டியரிங் கையை விட்டுப் போகும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் நகர்த்தவே நகர்த்தாதீர்கள், ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.